இலவச ஹோஸ்டிங்கில் இருக்கும் வம்சாவளித் தளத்தை, அது மூடப்படும் முன் காப்பாற்றுவது எப்படி?

குடும்ப மரம், தாத்தா பாட்டி படங்கள், ஊர்க் கதைகள், பழைய கல்யாணப் பத்திரிகைகளின் ஸ்கேன் எல்லாவற்றையும் வருடக்கணக்கில் சேர்த்து ஓர் இலவச இணையதளத்தில் ஏற்றி வைத்திருக்கிறீர்களா? அல்லது வீட்டுப் பெரியவர் ஒருவர் அப்படி ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா? இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

எங்கள் குடும்பத் தளத்தைத் தொடங்கியவர் என் பெரியப்பா. அவர் காலமான பிறகு, தளத்தின் கோப்புகளைத் தன் கணினிகளில் வைத்து இணையத்தில் காட்டும் ஹோஸ்டிங் நிறுவனம் சேவையை நிறுத்தப்போகிறது என்பதே எங்களுக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. அறிவிப்பு அவருடைய மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. அதைத் திறக்க யாரிடமும் பாஸ்வேர்டு இல்லை. அதற்குப் பிறகு பட்ட பாட்டை மற்றவர்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கணினியில் பெரிய தேர்ச்சி வேண்டாம். ஃபோல்டர், டவுன்லோட், அப்லோட் தெரிந்தால் போதும்.

அறிவிப்பு வந்த பிறகு தொடங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். இலவசத் தளங்கள் வைக்கும் இடமாக இருந்த ஜியோசிட்டீஸை மூடப்போவதாக யாஹூ 2009 ஏப்ரலில் சொன்னது, அக்டோபர் 26-ல் மூடியது. அதிலாவது ஆறு மாதம் கிடைத்தது. அதன் குழு மின்னஞ்சல் சேவையான யாஹூ குரூப்ஸுக்கு 2019 அக்டோபரில் அறிவிப்பு, அதே டிசம்பரில் எல்லாவற்றையும் அழிப்பதாகத் திட்டம். பலரும் எதிர்த்த பிறகுதான் 2020 ஜனவரி 31 வரை நீட்டினார்கள். ரூட்ஸ்வெப் விஷயத்தில் அந்த அவகாசமும் இல்லை. உலகம் முழுக்க வம்சாவளி ஆர்வலர்கள் இலவசமாகப் பக்கங்கள் வைத்திருந்த இடம் அது. 2000-ம் ஆண்டிலிருந்து ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. சுமார் 3 லட்சம் பேரின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொண்ட ஒரு கோப்பு இணையத்தில் திறந்து கிடந்தது 2017 டிசம்பரில் தெரியவந்ததும், தளத்தையே நிறுத்திவைத்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் பக்கம் வைத்திருந்தவர்கள் தங்கள் சொந்த உழைப்பைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பகுதி பகுதியாகத்தான் அது திரும்பி வந்தது. நம்மூர் மாணவர்கள் பலர் பயன்படுத்திய 000வெப்ஹோஸ்ட்டும் 2024-ல் மூடப்பட்டுவிட்டது.

செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் முடிக்கலாம். சொந்த டொமைன் (உங்களுக்கென்றே ஓர் இணைய முகவரி) வாங்கினால் வருடத்துக்கு ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு ரூபாய் வரை ஆகும். நேரம்தான் அதிகம் பிடிக்கும். நூறு பக்கத் தளம் என்றால், சனி ஞாயிறுகளில் மட்டும் வேலை செய்து ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகல் எடுப்பதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள், மீதியை நிதானமாகச் செய்யலாம்.

1. கணக்கு யார் பெயரில், எந்த மின்னஞ்சலில்?

தளம் உங்கள் பெயரில் இருந்தால் முதலில் உள்ளே நுழைய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், பதிவில் இருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இப்போதும் உங்களிடம் உள்ளவைதானா என்று சரிபாருங்கள். பழைய இணைய இணைப்புடன் கிடைத்த மின்னஞ்சல், வேலையை விட்டுவிட்ட அலுவலகத்தின் மின்னஞ்சல், சரண்டர் செய்த சிம் எண் போன்றவை இருந்தால் அன்றே மாற்றுங்கள். நிறுவனம் அனுப்பும் அறிவிப்பு அங்கேதான் போகும். கைவிட்ட கைபேசி எண்ணைத் தொலைபேசி நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்; அப்புறம் ஓடிபி அவருக்குப் போகும்.

கணக்கு காலமானவர் பெயரில் இருந்தால் நிறுவனத்துக்கு எழுதலாம். வெளிநாட்டு நிறுவனங்கள் பொதுவாக இறப்புச் சான்றிதழ், விண்ணப்பிப்பவரின் அடையாளச் சான்று, உறவை நிரூபிக்கும் ஆவணம் ஆகியவற்றைக் கேட்கும். வாரிசுச் சான்றிதழ் கையில் இருந்தால் நல்லது. ஆனால் அதில் மனைவி, பிள்ளைகள் போன்ற நேரடி வாரிசுகள்தான் இருப்பார்கள். தம்பி மகன், பேத்தி என்று நீங்கள் எழுதினால் பதில் வராமல் போகலாம். எங்கள் விஷயத்தில் பெரியம்மா கையெழுத்திட்ட கடிதம்தான் வேலை செய்தது. சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் நோட்டரி கையெழுத்தையும் முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். அவர்கள் கேட்டபின் தேடினால் இன்னும் சில வாரங்கள் போய்விடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கணக்கு கைக்கு வந்த பிறகு நகல் எடுக்கலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அவசியமே இல்லை. யாரும் பார்க்கக்கூடிய பக்கங்களை நகல் எடுக்கப் பாஸ்வேர்டு தேவையில்லை. கடிதம் ஒரு பக்கம் போகட்டும், நகல் வேலையை இன்றே தொடங்குங்கள்.

2. தளத்தில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எழுத்துப் பக்கங்கள், படங்கள், ஸ்கேன் செய்த ஆவணங்கள், ஜெட்காம் கோப்பு, விருந்தினர் குறிப்பேடு, தேடல் பெட்டி என்று எழுதுங்கள். குடும்ப மரத்தை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லப் பயன்படும் பொதுவான கோப்பு வடிவம்தான் ஜெட்காம்.

பட்டியல் போடும்போது விருந்தினர் குறிப்பேட்டைத் தவறவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் தூரத்து உறவினர் "நானும் இந்தக் குடும்பம்தான், என் பாட்டி இன்னார் மகள்" என்று எழுதிவிட்டுப் போன குறிப்பு வேறெங்கும் கிடைக்காது. பெரும்பாலும் அந்தக் குறிப்பேட்டை நடத்துவது வேறொரு நிறுவனம். உங்கள் தளம் இருக்கும்போதே அது மறைந்துவிடலாம். முதல் நகல் அதற்குத்தான் எடுக்க வேண்டும்.

3. முழு நகல் எடுப்பது

இரண்டு வழி உண்டு. முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

உள்ளே நுழைய முடிந்தால், ஹோஸ்டிங் பக்கத்தில் இருக்கும் ஃபைல் மேனேஜர் வழியாகவோ, ஃபைல்ஜில்லா போன்ற இலவச மென்பொருள் வைத்து எஃப்டிபி (கோப்புகளை இணையம் வழியாக ஏற்றி இறக்கும் முறை) வழியாகவோ எல்லா ஃபோல்டர்களையும் அப்படியே இறக்கிக்கொள்ளுங்கள். இதில் கிடைப்பது அசல் கோப்பு.

வெளியிலிருந்து எடுக்க எச்டிடிராக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தள முகவரியைக் கொடுத்தால், ஒவ்வொரு லிங்க்காகப் போய்ப் பக்கத்தையும் படத்தையும் உங்கள் கணினியில் சேமிக்கும். லினக்ஸ் பழக்கம் இருந்தால் டபிள்யூகெட் என்ற கட்டளையும் இதே வேலையைச் செய்யும்.

வெளியிலிருந்து எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. உங்கள் ஃபோல்டருக்குள் மட்டும் தேட வேண்டும் என்று அமைப்பில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதே ஹோஸ்டிங்கில் இருக்கும் மற்றவர்களின் தளங்களையும் இழுக்க ஆரம்பித்துவிடும். வேகத்தைக் குறைத்து வையுங்கள். ஒரே நேரத்தில் நிறையக் கோரிக்கை போனால் சர்வர் உங்களைத் தடுத்துவிடலாம். எந்தப் பக்கத்திலிருந்தும் லிங்க் இல்லாத பக்கங்கள் இதில் வராது. வேறு தளத்தில் வைத்து இங்கே காட்டப்படும் படங்களும் வராமல் போகலாம். தேடல் பெட்டியில் பெயர் போட்டால் மட்டும் வரும் விவரங்கள் நிச்சயம் வராது. கல்லறைப் பட்டியல், திருமணப் பதிவேடு போன்றவற்றை அப்படித் தேடும் வசதியுடன் வைத்திருந்தால், அதன் மூல எக்செல் கோப்பையோ தரவுத்தளத்தையோ தனியாக எடுக்க வேண்டும்.

எடுத்து முடித்ததும் வைஃபையை அணைத்துவிட்டு, கணினியில் இருக்கும் நகலைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகச் சொடுக்கிப் பாருங்கள். இணைப்பு இருக்கும்போது பார்த்தால், நகலில் இல்லாத படம்கூடப் பழைய தளத்திலிருந்து வந்து நின்று எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும்.

சரி, நகல் கிடைத்துவிட்டது. அதைக் கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று என்று மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவில் மட்டும் போட்டுப் பீரோவில் வைப்பதை நம்ப வேண்டாம். வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதில் பதிந்தது அழிய வாய்ப்பு உண்டு.

4. வேபேக் மெஷினில் சேமிப்பது

இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் "சேவ் பேஜ் நவ்" என்ற பெட்டி இருக்கிறது. பக்கத்தின் முகவரியைப் போட்டால் அதன் நகலை அவர்கள் சேமித்து, நிலையான ஒரு முகவரி கொடுப்பார்கள். கட்டணம் இல்லை. இலவசக் கணக்கு தொடங்கி நுழைந்தால், அந்தப் பக்கத்தில் இருக்கும் லிங்க்குகளையும் சேர்த்துச் சேமிக்கும் வசதி கிடைக்கும். உள்ளடக்கப் பக்கத்தை அப்படிச் சேமித்தால் ஒரே தடவையில் நிறைய முடிந்துவிடும்.

பெரிய ஸ்கேன் படங்களைச் சொடுக்கித் திறந்து, அந்தப் படத்தின் முகவரியையும் தனியாகச் சேமியுங்கள். சிறு படம் மட்டும் சேமிக்கப்பட்டு, முழு அளவுப் படம் விடுபட்ட தளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தளம் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தாலும் பழைய முகவரியை இங்கே போட்டுப் பாருங்கள். பழைய பத்திரத்தில், கடிதத்தில், கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் அந்த முகவரி அச்சாகியிருக்கலாம்; முகவரி தெரிந்தால்தான் தேட முடியும். ஆனால் இதை மட்டுமே நம்பி இருக்கவும் கூடாது. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தாக்குதலுக்கு உள்ளாகி, வேபேக் மெஷினே சில நாட்கள் முடங்கிக் கிடந்தது. லாப நோக்கமில்லாமல் அவர்கள் செய்வது பெரிய தொண்டு. முடிந்தவர்கள் சிறு தொகையாவது கொடுங்கள்.

5. ஜெட்காம் கோப்பை ஏற்றுமதி செய்யும்போது

குடும்ப மரம் ஏதாவது மென்பொருளிலோ மரத் தளத்திலோ இருந்தால் அங்கே ஏற்றுமதி என்ற வசதி இருக்கும். அதில் எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) கேட்டால், தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்பதையே தேர்ந்தெடுங்கள். ஆன்சி அல்லது ஆன்செல் தேர்ந்தெடுத்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அசல் மரம் அழிந்த பிறகு அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து பெயரை மீட்கவே முடியாது. ஏற்றுமதி செய்த கோப்பை நோட்பேடில் திறந்து, தமிழ் தெரிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

வழக்கமான ஜெட்காம் கோப்புக்குள் படங்கள் இருக்காது. படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். 2021-ல் வந்த ஜெட்காம் 7 படங்களையும் சேர்த்துக் கட்ட வழி கொடுக்கிறது, ஆனால் எல்லா மென்பொருளும் அதற்கு இன்னும் மாறவில்லை. எனவே படங்களைத் தனியாக இறக்கி, ஃபோல்டர் பெயர் மாறாமல் வையுங்கள்.

மென்பொருள் எதுவும் இல்லாதவர்களுக்கு கிராம்ப்ஸைப் பரிந்துரைக்கிறேன். இலவசம், யாரும் மூடிவிட முடியாத திறந்த மூல மென்பொருள், உங்கள் கணினியிலேயே இயங்கும். தமிழில் பெயர் எழுதலாம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துதான் முன்னால் வரும் என்பதால் பல மென்பொருள்களில் அப்பாவும் பிள்ளையும் வெவ்வேறு குடும்பமாகத் தெரிவார்கள். கிராம்ப்ஸில் அந்தப் பெயர் தந்தை வழிப் பெயர் என்று குறித்துவைக்கலாம். கிராம்ப்ஸின் சொந்த வடிவில் பேக்கப் எடுத்தால் படங்களையும் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுக்கும். ஜெட்காமும் ஒன்று, இதுவும் ஒன்று என்று இரண்டும் எடுத்து வையுங்கள்.

6. பழைய எழுத்துருவில் இருந்தால்

2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் செய்த தமிழ்த் தளங்கள் பல டிஸ்கி, டாப், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். இன்றைய கணினியில் திறந்தால் பொருள் இல்லாத எழுத்துக் குவியலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், உள்ளே தமிழ் அப்படியே இருக்கிறது. என்எச்எம் கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற கருவிகளில் எந்த எழுத்துரு என்று சொல்லிக் கொடுத்தால் யூனிகோடாக மாற்றித் தரும். எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால், பக்கத்தின் மூல நிரலைத் திறந்து எழுத்துருவின் பெயர் எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள்.

முழுப் பக்கத்தையும் அப்படியே மாற்றக் கொடுக்காதீர்கள். பாமினி போன்றவற்றில் ஆங்கில எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரே குறியீட்டில் இருப்பதால், நிரலில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிப் பக்கம் உடைந்துபோகும். தமிழ்ப் பத்திகளை மட்டும் வெட்டி மாற்றி ஒட்டுங்கள். மாற்றிய பிறகு, பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொறுமை தேவைப்படும் வேலைதான். ஆனால் மாற்றிய அன்றிலிருந்து உங்கள் பாட்டன் பெயரைத் தமிழில் தட்டினால் தேடுபொறியில் கிடைக்க ஆரம்பிக்கும். பழைய எழுத்துருவில் இருந்த வரை அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. அசல் பக்கங்களை மட்டும் அழிக்காமல் தனி ஃபோல்டரில் வைத்திருங்கள்.

7. உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை எடுத்துவிடுங்கள்

இருபது வருடத்துக்கு முன் தளம் செய்தவர்கள் எல்லோருடைய பிறந்த தேதியையும் முகவரியையும் கைபேசி எண்ணையும் போட்டுவிட்டார்கள். அப்போது அது இயல்பாக இருந்தது. இன்றைக்குப் பிறந்த தேதியும் தாயின் பெயரும் வங்கி மோசடிக்கு உதவும் விவரங்கள். குழந்தைகளின் படமும் பள்ளிப் பெயரும் இன்னும் ஆபத்து.

புதிய இடத்துக்கு ஏற்றும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிறந்து 110 ஆண்டு ஆகாத, இறப்புத் தேதி தெரியாத எவரையும் உயிரோடு இருப்பவராகவே கருதுவது வம்சாவளி ஆர்வலர்கள் பரவலாகப் பின்பற்றும் வழக்கம். கிராம்ப்ஸில் ஜெட்காம் எடுக்கும்போதும் இணையப் பக்கம் உருவாக்கும்போதும், உயிரோடு இருப்பவர்களை விலக்கும் தெரிவு இருக்கிறது.

இறந்தவர்கள் விஷயத்திலும் ஒருமுறை யோசியுங்கள். தத்து, இரண்டாம் தாரம், தற்கொலை போன்றவற்றை எழுதியிருந்தால், அவர்களின் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். பத்திரம், பட்டா ஸ்கேன்களைப் பொதுப் பக்கத்தில் போடவே வேண்டாம். பங்காளிகளுக்குள் வழக்கு நடக்கும் சொத்தாக இருந்தால் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

8. புதிய இடம் எது?

மூன்று வகை இருக்கிறது.

முதலாவது, சாதாரண எச்டிஎம்எல் (இணையப் பக்கங்கள் எழுதப்படும் குறிமொழி) பக்கங்களை இலவசமாக வைக்கும் இடம். கிட்ஹப் பேஜஸில் ஒரு தளம் 1 ஜிபி வரை இருக்கலாம். கிளவுட்ஃபிளேர் பேஜஸின் இலவசத் திட்டத்தில் 20,000 கோப்புகள் வரை வைக்கலாம், ஒரு கோப்பு 25 எம்பிக்கு மேல் போகக் கூடாது. நியோசிட்டீஸிலும் 1 ஜிபி இலவசம், ஆனால் சில வகைக் கோப்புகளை மட்டும்தான் ஏற்கும்; சொந்த டொமைனை இணைக்கப் பணம் கட்ட வேண்டும். பழைய ஜியோசிட்டீஸ் பாணித் தளம் வைத்திருப்பவர்களுக்கு நியோசிட்டீஸ் எளிதாகப் பிடிபடும். கணினிக்குப் புதியவர்களுக்கு கிளவுட்ஃபிளேரில் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடும் வசதி உதவும். அந்த முறையில் ஒரு தடவைக்கு 1,000 கோப்பு வரைதான் ஏற்கும்.

கிட்ஹப்பில் முக்கியமான ஓர் எச்சரிக்கை. இலவசக் கணக்கில் தளம் வைக்க உங்கள் கோப்புகள் பொதுவில் திறந்திருக்க வேண்டும். அதோடு, பழைய பதிப்புகளும் வரலாறாக அங்கேயே இருக்கும். முதலில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, பிறகு உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை அழித்தாலும், பழைய பதிப்பை எவரும் திறந்து பார்க்கலாம். ஏழாவது படியை முதலில் முடிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இரண்டாவது வகை, பொது மரத் தளங்கள். ஃபேமிலிசர்ச்சும் விக்கிட்ரீயும் இலவசம். நீங்கள் சேர்ப்பது ஒரே பெரிய மரத்தில் போய்ச் சேரும்; மற்றவர்களும் அதைத் திருத்தலாம். தெரியாத உறவினர் வந்து விடுபட்ட ஒரு தலைமுறையைச் சேர்ப்பதும் நடக்கும், பெயர் ஒற்றுமையால் வேறொருவரின் தாத்தாவை உங்கள் தாத்தாவோடு இணைத்துவிடுவதும் நடக்கும். மைஹெரிடேஜின் இலவசத் திட்டம் 250 பேர் வரைதான். நான்கு தலைமுறைப் பங்காளிகளைச் சேர்த்தாலே நம் குடும்பங்களில் அதைத் தாண்டிவிடும். இந்தத் தளங்களைக் கூடுதல் நகலாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் கதைப் பக்கங்களுக்கு இவை மாற்று ஆகாது.

மூன்றாவது, பணம் கட்டும் ஹோஸ்டிங்கில் வெப்ட்ரீஸ் போன்ற குடும்ப மர மென்பொருளை நிறுவுவது. வசதிகள் நிறைய. ஆனால் அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வேண்டும், வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். வீட்டில் இதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

என் சிபாரிசு முதல் வகைதான். கிராம்ப்ஸில் இணையத்தளம் உருவாக்கும் அறிக்கை ஒன்று இருக்கிறது. அது மரம் முழுவதையும் எச்டிஎம்எல் பக்கங்களாகவே மாற்றிக் கொடுக்கும். அந்த ஃபோல்டரையும் பழைய கதைப் பக்கங்களையும் சேர்த்து ஏற்றிவிட்டால் போதும். தரவுத்தளம் எதுவும் இல்லாததால் கெட்டுப்போகவும் உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த இலவச இடமும் நாளை மூடப்பட்டால், அதே ஃபோல்டரை இன்னொரு இடத்தில் ஒரே மாலையில் ஏற்றிவிடலாம்.

9. சொந்த டொமைன் வாங்குங்கள்

இந்தப் படியில் மட்டும் பணம் செலவழியுங்கள் என்று வற்புறுத்துவேன். இலவச ஹோஸ்டிங் மாறும்போது பெரிய இழப்பு முகவரிதான். சொந்த டொமைன் இருந்தால், பின்னால் எந்த நிறுவனத்தில் கோப்புகள் இருந்தாலும் உறவினர்களுக்கும் தேடுபொறிக்கும் ஒரே முகவரி.

டாட் காம் முகவரிக்கு விற்பனை நிறுவனங்கள் கொடுக்கும் மொத்த வியாபார விலையே வருடத்துக்கு 10 டாலருக்குச் சற்று மேல். எனவே முதல் வருடம் 99 ரூபாய், 199 ரூபாய் என்று விளம்பரம் வந்தால், இரண்டாம் வருடக் கட்டணம் என்ன என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். பணம் கட்டும் பக்கத்தில் தாமாகவே டிக் ஆகியிருக்கும் ஹோஸ்டிங், மின்னஞ்சல் போன்ற கூடுதல் சேவைகளை நீக்கிவிடுங்கள்.

வாங்கியவுடன் மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அந்த லிங்க்கைச் சொடுக்காவிட்டால் டொமைன் நிறுத்திவைக்கப்படும். ஸ்பேம் ஃபோல்டரையும் பாருங்கள்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியை மட்டும் நம்பாதீர்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்த பிறகு, இந்திய கார்டுகளில் வெளிநாட்டு நிறுவனங்களின் தானியங்கிக் கட்டணம் பலருக்கு நிராகரிக்கப்படுகிறது. ஒரே தடவையில் ஐந்து வருடத்துக்கோ பத்து வருடத்துக்கோ கட்டிவிடுவது நல்லது. பத்து வருடம்தான் உச்ச வரம்பு. டாட் காம் காலாவதியானால் உடனே போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரம் வரை வழக்கமான கட்டணத்தில் மீட்கலாம். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதம் பல மடங்கு. அதுவும் தாண்டினால் எவர் வேண்டுமானாலும் வாங்கலாம். குடும்பப் பெயர் தாங்கிய முகவரியில் நாளைக்குச் சூதாட்ட விளம்பரம் வருவதைப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

10. ஏற்றிய பிறகு சரிபார்ப்பது

உங்கள் விண்டோஸ் கணினியில் எல்லாப் படமும் தெரியும், ஏற்றிய பிறகு பாதிப் படம் தெரியாது. காரணம் பெரும்பாலும் கோப்புப் பெயர்தான். விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. பெரும்பாலான சர்வர்களுக்கு அவை வேறு வேறு. எல்லாக் கோப்புப் பெயர்களையும் சிறிய எழுத்தாக்கி, இடைவெளியை நீக்கிவிட்டு, பக்கங்களில் உள்ள லிங்க்குகளையும் அதேபோல் மாற்றுங்கள். பழைய ஹோஸ்டிங்கின் முழு முகவரி எழுதியிருக்கும் லிங்க்குகளையும் தேடி மாற்றுங்கள். பழைய தளம் இன்னும் உயிரோடு இருக்கும் வரை அவை வேலை செய்வதுபோல் இருக்கும்; அது மூடப்பட்ட அன்று மொத்தமாக விழும்.

பழைய தளத்தைத் திருத்த முடிந்தால் முகப்பில் புதிய முகவரியை எழுதி, அதையும் வேபேக் மெஷினில் சேமியுங்கள். திருத்த முடியாவிட்டால், உங்கள் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருக்கும் மற்றத் தளங்களுக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் சொல்லுங்கள். புதியது ஒழுங்காக ஓடுவதைக் குறைந்தது ஒரு மாதம் பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள். நிறுவனமே மூடும் வரை விட்டுவைத்தாலும் தவறில்லை.

11. உங்களுக்குப் பிறகு யார்?

கூகுள் கணக்கை இரண்டு வருடம் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் அதை உள்ளடக்கத்தோடு அழிக்கும் கொள்கை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிளாகர், டிரைவ், போட்டோஸ் எல்லாம் அதில் அடங்கும். கூகுள் அமைப்புகளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற பகுதிக்குப் போனால், எத்தனை மாதம் நுழையாவிட்டால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று குறித்து வைக்கலாம். 3 மாதம் முதல் 18 மாதம் வரை காலம் வைக்கலாம், 10 பேர் வரை சேர்க்கலாம். இளைய தலைமுறையில் ஆர்வம் உள்ள இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள். ஒருவர் உள்நாட்டில், ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் நல்லது.

டொமைன் எங்கே வாங்கியது, எப்போது காலாவதி, கோப்புகள் எங்கே, ஹார்ட் டிஸ்க் யாரிடம் என்று ஒரே தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம். அது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

மரத்தையும் முக்கியமான கதைகளையும் அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுச் சில பிரதிகள் உறவினர்களிடம் கொடுங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று ரூபாய்தான் ஆகும். இலங்கைத் தமிழ்க் குடும்பமாக இருந்து, வீட்டில் நினைவு மலர்கள் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்கள்) இருந்தால், இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேகரிக்கும் நூலகம் என்ற நிறுவனத்துக்கு எழுதுங்கள். அவர்கள் நினைவு மலர்களை மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள். ஊர், கோயில், பள்ளி, உறவு முறை என்று ஒரு குடும்பத்தைப் பற்றி அந்த மலர்களில் இருப்பது வேறு எந்த ஆவணத்திலும் கிடைக்காது.

வருடத்துக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கல் விடுமுறையில் ஒரு மதியம் போதும். தளம் திறக்கிறதா, டொமைன் இன்னும் எத்தனை நாள், ஹார்ட் டிஸ்க் படிக்கிறதா, மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் சரிதானா, அந்த வருடம் பிறந்தவர்களும் இறந்தவர்களும் கிராம்ப்ஸில் ஏறிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு, புது ஜெட்காம் கோப்பு ஒன்றை எடுத்து, அன்றைய தேதியைப் பெயராக வைத்து மூன்று இடத்திலும் போட்டுவிடுங்கள்.